வர்ணனைப்படி தண்ணீர் வந்துவிட்டது

பொதுமக்களிடம் ஊழியர்கள் கனிவோடு நடந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் பகுதிக் குழாய் இணைப்பு வாரியம் ஏகமனதாகத் தீர்மானித்தது. கனிவு சும்மா வந்துவிடுமா? பயிற்சி வேண்டாமா? தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் எந்த ஆபீஸைப் பார்த்தாலும் பயிற்சி வீடியோ எடுப்பதுதான் மோஸ்தர். மாட்டு ஆஸ்பத்திரியிலேயே ஒன்று எடுத்துவிட்டார்கள். மாட்டுக்கு ஒரு கேசட், மனுஷனுக்கு இல்லையா என்று எங்கள் உதவிப் பொறியாளர் சீனிவாசலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

முதலில் படத்துக்கான வர்ணனைக் குரல் வந்தது. சென்னைத் தலைமையகம் ஒப்புதல் கொடுத்து, ஆடியோ கேசட்டாக அனுப்பியிருந்தது. ஆகா, என்ன குரல்! அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் கணகணவென்று இருந்தது. "இதோ, மனுதாரர் வருகிறார். ஊழியர் எழுந்து நின்று வரவேற்கிறார். ஐந்தே நிமிடங்களில் ஆணை வழங்கப்படுகிறது. இல்லக் குழாயில் தெளிந்த நீர் பாய்கிறது. மனுதாரர் மகிழ்ச்சியில் திளைக்கிறார்."

படம் பிடிக்க வந்தவர் எழில். எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடுப்பவர்.

"ஏனுங்க சார், படத்தை எடுத்துப்போட்டு அப்பறம் குரல் சேர்த்தலாமுங்களே?"

"குரலுக்கு அப்ரூவல் வந்தாச்சுங்க எழில். படத்துக்கு இன்னும் வரல. அப்ப எதுக்கு எது அடங்கோணும்? நீங்களே சொல்லுங்க" என்றார் சீனிவாசலு.

எழில் கேமராவைத் தோளில் ஏற்றினார்.

மனுதாரராக நடிக்க ஊழியர் ஒருத்தரும் முன்வரவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது கௌரவக் குறைச்சலாம். அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆமினா பீவியைக் கூப்பிட்டார்கள். என் எதிர்வீட்டுக்காரர். முழங்கால் ரெண்டும் தேய்ந்துபோய், தெருக்கோடிக் குழாயிலிருந்து குடம் தூக்க முடியாமல், வீட்டு இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு நடையாய் நடப்பவர். அதே பெஞ்சில், அதே மாதிரி மனுவோடு பக்கத்தில் நானும்தான் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. என் மூஞ்சியில் மகிழ்ச்சி திளைக்காதாம்.

"நடிச்சா நெசமாவே கனெக்ஷன் குடுத்துருவீங்களா சார்?"

"என்னங்கம்மா இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க? குரலே சொல்லுதுங்களே!"

படப்பிடிப்பு ஆரம்பித்தது. எழுந்து நின்று வரவேற்றுப் பழக்கமில்லாததால் கிளார்க்குக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்து நிறுத்தி எடுத்தார்கள். ஐந்து நிமிட ஆணையை எடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆனது.

அடுத்து தண்ணீர். ஆமினா பீவி வீட்டுச் சுவரில் பளபளவென்று ஒரு குழாயைப் பதித்தார்கள். சுவருக்குப் பின்னால் மேஜைமேல் ஒரு டிரம்மை ஏற்றி, ரப்பர் டியூப் செருகினார்கள். டிரம்மை நிரப்ப வேண்டுமே! தெருக்கோடியிலிருந்து குடம் குடமாகத் தூக்கி ஊற்றியது யார் என்கிறீர்கள்? ஆமினா பீவியும் நானும்தான்.

குழாயைத் திருகும்போது அந்தம்மாவுக்கு முழங்கால் வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆனந்தக் கண்ணீர்! அப்பிடியே இருங்கம்மா!" என்று எழில் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனார். பிறகு அந்த முகத்தைச் சுற்றி ரோஜாப்பூ எஃபெக்ட் வேறு போட்டார்.

படம் முடிந்ததும் டிரம் வாரியத்துக்குத் திரும்பிவிட்டது. சுவரில் குழாய் மட்டும் நின்றது. ஆமினா பீவி மறுபடி ஆபீஸுக்குப் போனார். நானும் கூடப் போனேன், என் மனுவும் அங்கேதானே கிடக்கிறது.

"உங்களுக்குத்தான் கனெக்ஷன் குடுத்தாச்சுங்களேம்மா" என்றார் சீனிவாசலு.

"திருகினா காத்துகூட வரலீங்க சார். அன்னிக்கு வந்தது டிரம் தண்ணியில்லீங்களா?"

அவர் கேசட்டைப் போட்டுக் காட்டினார். தெளிந்த நீர் கணகணவென்று பாய்ந்தது.

"கேட்டீங்களா? தலைமையகம் ஒத்துக்கிட்ட குரலுங்க. தண்ணி வரலீன்னு நான் எழுதுனா, அவிங்க பொய் சொல்றாங்கன்னு ஆயிருமுங்களே. புது மனுக் குடுக்கலாமுன்னாலும், ஒரு ஊட்டுக்கு ஒரு கனெக்ஷன்தானுங்க ரூல்ஸ்."

எழுந்து நின்று, கனிவாகத்தான் சொன்னார். பயிற்சி நல்ல பலன் கொடுத்திருந்தது.

பிறகு காத்திருப்போர் கூடத்தில் ஒரு கலர் டிவியை வைத்து, அந்தப் படத்தை நாள் முழுக்க ஓட்டினார்கள். ஜனங்கள் கவுண்டரில் சண்டை போடுவதை விட்டுவிட்டுப் படம் பார்த்தார்கள். ஒருநாள் ஆமினா பீவியால் பொறுக்க முடியவில்லை.

"அத்தனையும் பொய்யுங்க! எங்கூட்டுல சொட்டுத் தண்ணி வரல!"

"செத்த சும்மா இருங்கம்மா, குரல் கேக்க மாட்டேங்குது" என்றார் முன் பெஞ்சுக்காரர்.

"தனக்குக் கெடச்சுப்போச்சு, அடுத்தவனுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு நெனப்பு" என்றது ஒரு பெண் குரல். "அந்த அழுகையப் பாருங்க. நடிப்பாட்டமா இருக்குது?"

ஆமினா பீவி என் பக்கம் திரும்பினார். அவருக்கு இருந்த ஒரே சாட்சி நான்தான்.

"தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க. எங்கூடக் குடம் தூக்குனீங்கல்ல?"

தூக்கினேன்தான். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்தக் குரலை நானும் நாள் முழுக்கக் கேட்கிறேனே! அவர் காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, எங்கிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லுங்க. யாரைப் புடிச்சு வாங்குனீங்க?"