ஆளுக்கு ரெண்டு இஞ்ச்

வெள்ளாற்றுப் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்குவதைக் கவனித்தேன். அதுவரை, எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஏன் என்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல் நடந்துகொண்டிருந்தேன். ஜூன் மாதம், பகல் ஒரு மணி வெயில். அந்த வெயிலில் இஞ்ச் டேப் மாட்டிக்கொண்டு ஒருத்தன் சிதம்பரத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனால் பார்க்கத்தான் செய்வார்கள். மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"இன்னாப்பா, யாருக்காவது அவசரமா அளவு எடுக்கப் போறியா?"

"எடுத்தாச்சுங்க. அதனாலதான் போறேன்" என்றேன்.

ஒரு இடத்தை விட்டுவிட்டுப் போவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. திட்டக்குடியில் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். (எட்டாம் வகுப்பையும் விட்டிருப்பேன். அதுவரைக்கும் எல்லாரையும் பாஸ் போட்டுவிடுவார்கள் என்பதால் விட்டதும் விடாததும் ஒன்றாகவே இருந்தது.) அப்புறம் நெய்வேலியில் ஒரு மெஸ்ஸில் தட்டு கழுவினேன், பண்ருட்டியில் முந்திரி மூட்டை தூக்கினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், புதுச்சேரியில் என்ன செய்தேன் என்பது வேண்டாம். எதிலும் நாலு மாதம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை. காலையில் எழுந்ததும் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன்.

முட்லூர் பக்கத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவ மிஷனுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். ரெண்டு நாள் சாப்பிடவில்லை. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை முன்னால் அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போய் வரிசையில் நின்றுவிட்டேன். மிஷனை நடத்திய ரூத் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கார்டு இருக்கா?"

"இல்லக்கா."

"பேரு?"

"ஏழுமலை."

"அப்ப வரிசைய விட்டு வெளிய வா ஏழுமலை. வண்டியில பதினெட்டு மூட்டை இருக்கு. எறக்கிட்டு வந்து சாப்பிடு."

அப்படி உள்ளே போனவன்தான். அங்கே நாற்பத்திரண்டு பிள்ளைகள். அப்பா அம்மாவெல்லாம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், அது இல்லாத நாளில் உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். குடும்பத்துக்கு மாதம் ஒருமுறை அரிசி, பருப்பு, எண்ணெய். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சாப்பாடு. மிஷனே ஒரு சின்னப் பள்ளிக்கூடமும் நடத்தியது. அது சொந்தச் செலவில் நடக்கிற பள்ளி என்பதால் சீருடையும் மிஷன்தான் தைத்துக் கொடுக்க வேண்டும். காலையில் ஜெபம், மாலையில் பாட்டு. நான் சாமி கும்பிட்டும் பழக்கமில்லாதவன், ஜெபித்தும் பழக்கமில்லாதவன். எல்லாரும் கண்ணை மூடும்போது நானும் மூடிக்கொள்வேன். சில நாள் தூங்கியும் விடுவேன்.

இத்தனைக்கும் பணம் மெட்ராஸில் இருந்த ஒரே ஒரு சபையிலிருந்து வந்தது. அந்த வருஷம் அதுவும் நின்றுவிடுமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் அவர்களுடைய கமிட்டி ஐயா ஒருத்தர் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று கடிதம் வந்திருந்தது.

"அவரு சரின்னுட்டா இன்னும் மூணு வருசத்துக்குச் சோறு, படிப்பு" என்றார் ரூத் அக்கா. "இல்லன்னா இந்த மாசத்தோட அடுப்ப அணைச்சிட வேண்டியதுதான்."

இதைச் சொல்லிவிட்டு என் கையில் ஒரு நோட்டையும் இஞ்ச் டேப்பையும் கொடுத்தார். சிதம்பரம் மேலவீதிப் பக்கம் தையல் கடை வைத்திருந்த காதர் பாய்தான் எப்போதும் வந்து அளவு எடுப்பாராம். அவருக்கு மூட்டுவலி. திருப்பூரில் பனியன் மடித்தவன் என்பதால் எனக்குத் தையல் தெரியும் என்று அக்கா நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை. (கேரேஜில் டயர் உருட்டியிருந்தால் விமானம் ஓட்டுவாயா என்றாலும் தலையாட்டுகிற வயசு.)

முதல் வீடு மல்லிகா அக்கா வீடு. அவர் பையன் சாமுவேல், இரண்டாம் வகுப்பு. இடுப்பை அளந்தேன். இருபது.

"இருவத்திரெண்டுன்னு போடு தம்பி" என்றார் மல்லிகா அக்கா.

"அக்கா, இவன் ஓணான் மாதிரி இருக்கான். நின்னா டேப்பே வழுக்குது."

"அதுக்குத்தான் தெனம் சாயங்காலம் சோறு போடறீங்க இல்ல? சதை வைக்காதா? வைக்காதுன்னா எதுக்குப் போடறீங்க?"

இருபத்திரண்டு என்று எழுதினேன். அடுத்த வீட்டுக்கு நான் போவதற்கு முன்னாலேயே சேதி போய்விட்டது. "மல்லிகா புள்ளைக்கு மட்டும் ரெண்டு இஞ்ச் ஜாஸ்தியாமே? எம் புள்ள வளராதா? அவ புள்ளதான் வளருமா?" ஆகவே ஓரவஞ்சனை வேண்டாம் என்று, நீளம் அகலம் எல்லாவற்றிலும் நாற்பத்திரண்டு பேருக்கும் ரெண்டு இஞ்ச் சேர்த்தேன். என் வாழ்க்கையில் நான் அதிகாரத்தில் இருந்தது அந்த ஒரு வாரம்தான். அந்தப் பெருமையில் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றாமலே திரிந்தேன். சாப்பிடும்போதும்கூட.

பள்ளி திறக்கிற நேரம், பாய்க்குத் தலைக்குமேல் வேலை. துணி வந்து சேர்ந்தது கமிட்டி ஐயா வருகிற அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு. அவர் வருவது பத்தரைக்கு. மூட்டையைப் பிரித்துப் பிள்ளைகளுக்கு மாட்டினோம்.

சட்டையின் தோள் முழங்கையில் இருந்தது. பெண் பிள்ளைகளின் கவுன் தரையைக் கூட்டியது. சாமுவேல் டிரவுசரை மார்புவரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, எனக்குச் சட்டை வேணாம்ணா, இதுவே போதும்" என்றான். ரூத் அக்கா என்னைப் பார்த்தார்.

"ரெண்டு இஞ்ச்தான்க்கா சேத்தேன். சத்தியமா."

"இது ரெண்டு இஞ்சாடா? இதுக்குள்ள அவனோட நானும் போலாம்!"

இதில் சந்தோஷமாக இருந்தது தாய்மார்கள் மட்டும்தான். மல்லிகா அக்கா துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். "நாலு வருசத்துக்குக் கவல இல்ல" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்ய முடியும்? ஊரில் இருந்த ஊக்கு அத்தனையும் வாங்கினோம். அக்கா தன் முந்தானை ஊக்கையும் கழற்றிக் கொடுத்தார். அது பெண் பிள்ளைகளின் கவுனுக்கே சரியாகப் போயிற்று. பையன்களில் அரைஞாண் கயிறு கட்டியிருந்தவர்கள் டிரவுசரை அதில் செருகிக்கொண்டு தப்பித்தார்கள். ஜெபம் பண்ணுகிற நம்ம பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று ரூத் அக்காவே சொல்லிச் சொல்லிப் பாதிப் பையன்களின் கயிற்றை அறுக்க வைத்திருந்தார். அந்தக் காலை நேரத்தில் அவர் முகத்தில் தெரிந்த வருத்தத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கயிறு இல்லாதவங்க எல்லாம் எடது கையால புடிச்சிக்கங்க. என்ன ஆனாலும் விடக் கூடாது. பாட்டுக்கு ஆக்‌ஷன் வேணாம். சும்மா நின்னு பாடுங்க, போதும்" என்றார்.

கமிட்டி ஐயா வந்தார். ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, சிரிப்பே இல்லாத முகம். சமையற்கட்டைப் பார்த்தார், அரிசி மூட்டையைத் திறந்து முகர்ந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். முன் வரிசையில் நின்ற கயிறில்லாத பையன்கள் எல்லாரும் இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு, சண்டைக்கு வந்தவர்கள் மாதிரி நின்று பாடினார்கள். முதல் சரணம் நல்லபடியாகப் போயிற்று. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அந்த மனிதருக்கு உற்சாகம் வந்தது.

"என்ன பிள்ளைகளா, ஞாயிறு பள்ளியில இப்படியா சொல்லிக் குடுத்தாங்க? கைய மேல தூக்கிப் பாடணும். ரெண்டு கையும்! எங்க, என்னோட சேந்து!" என்று எழுந்து நின்று தன் ரெண்டு கையையும் தூக்கினார்.

பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிற பிள்ளைகளாகத்தான் நாங்கள் வளர்த்திருந்தோம்.

முன் வரிசை டிரவுசர் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கியது. தாய்மார்கள் முன்யோசனையோடு போன வருஷத்து டிராயரை உள்ளே போட்டு அனுப்பியிருந்தார்கள். அதனால் மானம் போகவில்லை. சிவப்பு, பச்சை, பூப்போட்டது என்று ஒரு துணிக்கடையே தெரிந்தது. சாமுவேல் கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டிருந்ததால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின் வரிசையில் ஒரு பெண் கவுன் நுனியை மிதித்து, பக்கத்தில் நிறுத்தியிருந்த மைக்கோடு சாய்ந்தாள்.

கமிட்டி ஐயா கையை இறக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அளவு எடுத்தது யாரு?"

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் என்னைக் காட்டினார்கள். எல்லாருக்கும் இப்போது ரெண்டு கையும் சும்மாதானே இருந்தது.

சமையற்கட்டு வழியாக வெளியே வந்தேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வீட்டு அடுப்பை அணைத்துவிட்டோம் என்று தோன்றியது. எத்தனையோ இடத்தை விட்டு நடந்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கவே பயந்து நடந்தது அன்றைக்குத்தான்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தேன். காலையில் திருப்பூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறியும் விட்டேன். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. நான் செய்தது தப்புதான். ஆனால் ரெண்டு இஞ்ச் தப்பு. டிரவுசரோ அரை அடி பெரிசு. மிச்சத் தப்பு யாருடையது? அதற்கும் சேர்த்து நான் எதற்கு ஊரை விட்டு ஓட வேண்டும்? இறங்கி, சண்டை போடுவதற்காகவே காதர் பாய் கடைக்குப் போனேன்.

கடை வாசலில் சீருடை மூட்டை. பக்கத்தில் ஸ்டூலில் ரூத் அக்கா.

"வந்துட்டாரு பாருங்க தொரை" என்றார் அக்கா.

"பாய், நான் எழுதினது சாமுவேலுக்கு இருவத்திரெண்டு. நீங்க எவ்ளோ தச்சீங்க?" என்று கத்தினேன்.

பாய் நிதானமாக மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். ரூத் அக்கா கையெழுத்து. அதில் இருபத்திநாலு என்று இருந்தது.

அக்கா தொண்டையைச் செருமினார். "நோட்டப் பாத்து எழுதும்போது... ஆம்பளப் புள்ள, கறாரா எடுத்திருப்பான், பாவம் வளர்ற பசங்கன்னு... ஆளுக்கு ரெண்டு இஞ்ச் சேத்தேன்."

"சரி. இருவத்திநாலு. டிரவுசர் இருவத்தாறு இருக்கே பாய்?"

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "முப்பது வருசமா மிஷன் துணின்னா நான் கேக்காமலே ரெண்டு இஞ்ச் விட்டுத்தான் வெட்டுவேன் தம்பி. இல்லாத புள்ளைங்க, ரெண்டு வருசம் போகட்டுமேன்னு. அல்லாவுக்குத்தான் தெரியும். வேற யாருக்கும் சொன்னதில்ல."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரோடு சண்டை போடுவது என்று தெரியவில்லை. (இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு கரித்தால், "யார் யார் ரெண்டு இஞ்ச் போட்டீங்க?" என்றுதான் என் மகள் கேட்பாள். பெண் பார்க்கப் போன இடத்திலேயே பாய் இந்தக் கதையைச் சொல்லிவிட்டதால் என் மனைவியிடம் இதை மறைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை.)

"கமிட்டி ஐயா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீ ஓடின ஒடனே, ஏன் இவ்ளோ பெருசுன்னு தாய்மாருங்களக் கேட்டாரு. எல்லாரும் தலயக் குனிஞ்சிக்கிட்டாங்க. மல்லிகாதான் எழுந்திரிச்சா. 'ஐயா, அடுத்த வருசம் நீங்க வருவீங்களோ மாட்டீங்களோ, எங்களுக்கு எப்பிடித் தெரியும்? வரும்போதே பெருசா வாங்கி வச்சிக்கணும் இல்ல?' அப்பிடின்னா."

"அவரு?"

"புள்ளைங்களோட தரையில ஒக்காந்து சாப்பிட்டாரு. சாப்பிட்டு முடிச்சிட்டு, மூணு வருசம் தொடரும், துணிய மட்டும் சரி பண்ணுங்கன்னாரு. ஆனா மல்லிகா டிரவுசரக் குடுக்க மாட்டேன்னுட்டா. 'வாயால சொன்னா போதாது, எழுதிக் குடுங்க'ன்னா. நிகழ்ச்சித்தாள் பின்னாடி எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. அவளுக்குப் படிக்கத் தெரியாதே. சாமுவேலக் கூப்ட்டுப் படிக்கச் சொன்னா. அவன் எழுத்துக் கூட்டி, 'மூ-ன்-று வ-ரு-ட-ம்'னு படிச்சான். அதுக்கப்புறம்தான் அவுத்துக் குடுத்தா."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போயிற்று.

"துணிய வெட்டக் கூடாது" என்றார் பாய். "உள்ள மடிச்சி வச்சித் தைக்கணும். புள்ள வளர வளர வருசா வருசம் பிரிச்சி விட்டுக்கலாம். அதுக்கு மொதல்ல இத்தன தையலையும் பிரிக்கணும். எனக்குக் கண்ணு பத்தாது. ஒனக்கு அவசரமா எங்கியாவது போகணுமா?"

"இல்ல பாய்."

பாதி பிளேடு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூட்டையின் மேலே இருந்த சாமுவேலின் டிரவுசரை எடுத்து, இடுப்புப் பட்டையிலிருந்து பிரிக்க ஆரம்பித்தேன்.