இருங்க, இப்பக் குடிக்காதீங்க

வெயில் ஏறத் தொடங்கியதும் சாதாரண மனிதர்களுக்கு வேர்க்குரு வரும். ஓர் இனத்துக்கு மட்டும் உலக ஞானம் வந்துவிடும். மழைக்காலம் முழுக்க உங்களையும் என்னையும்போல டீ குடித்துக்கொண்டு சாதுவாக இருந்தவர்கள், வெயிலின் முதல் வாரத்திலேயே ஒரு நீளக் கரண்டியும் மூடி போட்ட எவர்சில்வர் குடுவையும் வாங்கி வந்து, வீட்டு மேஜையில் நாடு நாடாகக் காக்டெயில் கலக்க உட்கார்ந்துவிடுவார்கள். இவர்களுக்கு நான் கலக்கலார் என்று பெயர் வைத்திருக்கிறேன். தெருவுக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. உங்கள் தெருவில் இல்லையா? அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கலக்கலாரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். மீன் இருக்காது, பட்டாணி இருக்காது, பிள்ளைகளின் ஐஸ்கிரீம் இருக்கவே இருக்காது. சதுர ஐஸ், உருண்டை ஐஸ், நடுவில் புதினா இலை மாட்டிக்கொண்டு முழிக்கிற ஐஸ், இவைதான் இருக்கும். ஜன்னலோரம் ஒரு புதினாத் தொட்டி. அதை யாராவது சமையலுக்குக் கிள்ளிவிட்டால் அன்று வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. “கியூபாவுல வெயில் எப்படி அடிக்கும் தெரியுமா?” என்று ஆரம்பிப்பார், கப்பலையே படத்தில்தான் பார்த்த மனிதர். தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். தெரியும் என்றும் சொல்லிவிடாதீர்கள். இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான்.

கலக்குவதுகூட அவருக்கு இரண்டாவது வேலைதான். முதல் வேலை சமாளிப்பது. மெக்சிகோவுக்கு டெக்கீலா வேண்டும். கடையில் இல்லையா, சரி, ரம். பிரேசிலுக்குக் கரும்புச் சாராயம் வேண்டும். அதற்கு எங்கே போவது, ரம். இத்தாலிக்குக் கசப்பாகச் சிவப்பாக ஏதோ வேண்டும். ரம்மில் ஏதாவது ஒரு சிவப்பு சிரப்பை ஊற்றிக் கண்ணைக் கட்டிவிடுவார். எலுமிச்சையும் சர்க்கரையும் எல்லா நாட்டுக்கும் பொது. ஆக, உலகம் பூராவும் ஒரே ருசிதான் என்பதை அவர் வீட்டு சோபாவை விட்டு எழுந்திருக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

சரி, ஒரு வாய் குடித்துத் தொலைப்போம் என்று கையை நீட்டினால், அங்கேதான் வருகிறது அந்த மந்திரம்: “இருங்க, இப்பக் குடிக்காதீங்க.” விளிம்பில் உப்பு ஒட்ட வேண்டும், எலுமிச்சைத் தோலைத் திருக வேண்டும், அந்த நாட்டு மக்கள் இதை எந்தக் கையால் பிடிப்பார்கள் என்று விளக்க வேண்டும், பிறகு வெளிச்சம் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். அதற்குள் ஐஸ் கரைந்துவிடும். உங்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் மாடியில் எதிர்வீட்டுக் கலக்கலார் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் கண் பரிசோதனை. அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்தாலும் போவதில்லை. ஒரு கிளாஸைக் கையில் கொடுத்து, முகத்துக்கு நேரே குனிந்துகொண்டு, “இது எப்படி இருக்கு? சரி, இப்ப இதக் குடி. முன்னதவிட இது நல்லாருக்கா, இல்ல அதுவா?” என்பார். “ரெண்டும் ஒரே மாதிரிதாண்ணே” என்று ஒருநாள் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மூன்றாவது கலக்கப் போய்விட்டார். அதிலிருந்து எதைக் கொடுத்தாலும் “இதுதாண்ணே” என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் பாவம், அந்த மனிதருக்குள் ஓர் ஏக்கம் உண்டு. எத்தனையோ வெயில்காலம் கலக்கியும், ‘இன்னொண்ணு குடுங்க’ என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்டதில்லை. ‘பிரமாதம்’ என்பார்கள், கிளாஸைக் கீழே வைப்பார்கள், உடனே அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். அவர் மாமனாரோ ‘பிரமாதம்’கூடச் சொல்ல மாட்டார். அவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். பெண்ணைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளை எதைச் செய்தாலும் ‘ம்’ என்பதோடு சரி. கடை திறந்தபோது ‘ம்’. வீடு வாங்கியபோது ‘ம்’. அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் கலக்கலாரின் வாழ்நாள் லட்சியம்.

போன வருஷம் நல்ல உச்சிவெயிலில் மாமனார் வந்து இறங்கினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மகள் தண்ணீர் எடுக்கப் போனார். “நீ சும்மா இரு, மாமாவோட நாக்கக் கெடுத்துடாத” என்று தடுத்துவிட்டார் கணவர். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார். மேஜையில் ஐந்து கிளாஸ், ஐந்து நாடு. ஒவ்வொன்றையும் கலக்கி முடித்ததும், ஒரு நாட்டு ருசி இன்னொரு நாட்டில் ஒட்டிவிடக் கூடாதாம், கரண்டியைப் பக்கத்தில் இருந்த ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிக் கழுவினார். குடுவையில் மிஞ்சியதையும், பாதி கரைந்த ஐஸையும், பிழிந்த எலுமிச்சை மூடிகளையும் அதே டம்ளரில்தான் தள்ளினார்.

மாமனார் கையை நீட்டினார்.

“இருங்க மாமா, இப்பக் குடிக்காதீங்க.”

உப்பு ஒட்டியானது. தோல் திருகியானது. மாமனார் மறுபடியும் கையை நீட்டினார்.

“இருங்க மாமா, ஒரே ஒரு படம்.”

போனை எடுக்க அவர் அந்தப் பக்கம் திரும்பினார். தாகம் பொறுக்காத மாமனார் கைக்கு எட்டியதை எடுத்து மடமடவென்று கவிழ்த்துக்கொண்டார். கரண்டி கழுவிய டம்ளர். நான் பார்த்தேன், மகள் பார்த்தார், போனோடு திரும்பிய கலக்கலாரும் பார்த்தார்.

மாமனார் மீசையைத் துடைத்தார். “ம்” என்றார். அப்புறம், “நல்லாருக்கு மாப்ள. இன்னொண்ணு குடுங்க” என்றார்.

கலக்கலார் போனை மேஜையில் வைத்தார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை, வந்தும் வந்தது, இதற்கா வர வேண்டும்?

“இது எந்த நாட்டுது மாப்ள?”

“எல்லா நாட்டுதும் மாமா” என்றார் கலக்கலார். அன்று அவர் பேசிய ஒரே உண்மை அதுதான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டார்.

இப்போது மாமனார் வாராவாரம் வருகிறார். அவருக்காகக் கலக்கலார் ஐந்து நாட்டையும் முறையாகக் கலக்கி, ஒவ்வொன்றுக்கும் கரண்டியைப் பயபக்தியோடு கழுவி, கழுவிய தண்ணீரை உயரமான கிளாஸில் ஊற்றி, விளிம்பில் எலுமிச்சை வில்லை சொருகிக் கொடுக்கிறார். அந்த ஐந்து நாடுகளை என்ன செய்வது? “தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போறியா” என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வருகிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் ஜன்னலோரத்துப் புதினாத் தொட்டியை வைத்தது யார்? போன வாரம் வேர்த்து விறுவிறுத்து வந்த சிநேகிதர் தண்ணீர் கேட்டபோது, ‘இருங்க, ஒரு புது ஐட்டம் போடறேன்’ என்று சொன்ன வாய் எது? தெருவுக்கு ஒருவர் நிச்சயம் என்றேன். உங்கள் தெருவில் தேடியும் ஒருவரும் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் இன்னும் தேடாத வீடு ஒன்றுதான் பாக்கி. பரவாயில்லை, தாராளமாகக் கலக்குங்கள். கரண்டி கழுவிய டம்ளரை மட்டும் அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள்.