வெந்நீர் ஏரியில் விரதம்

படகு கவிழ மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கறுப்பு வேட்டியும் கழுத்தில் ஐயப்பன் மாலையுமாக ஜம்பு இடது பக்கம் சாய்ந்தார். படகும் சாய்ந்து, சமர்த்தாக நிமிர்ந்துகொண்டது. வலது பக்கம் சாய்ந்தார். அதே கதை.

தில்லி டிசம்பர். விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல் குருசாமி சிவஞானத்தின் கறார் சட்டம். "வெந்நீர்ல குளிச்சவனுக்கு நான் இருமுடி கட்ட மாட்டேன்!" ஆர்.கே.புரம் குழாயடியில் முதல் சொம்பு ஊற்றியதுமே ஜம்புவுக்குப் பதினெட்டாம் படி அங்கேயே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் நகர எல்லை மின்நிலைய ஏரி ஞாபகம் வந்தது. இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டுச் சுடச்சுட வந்து விழும் தண்ணீர். அடுப்பு மூட்டவில்லை, கீஸர் போடவில்லை. ஏரி ஏரிதானே? ஒரே சிக்கல், அங்கே துடுப்புப் போடலாம், குளிக்கக் கூடாது.

தவறி விழுந்தால்?

ஜம்பு படகில் எழுந்து நின்றார்.

தொபுக்கடீர்!

ஆஹா! ரசத்தில் போட்ட வடையாக மிதந்தார்.

விசில் அலறியது. மீட்புப் படகில் பாய்ந்து வந்தார் படகுத்துறைப் பொறுப்பாளர் அருள்ராஜ், நெய்வேலிக்காரர். "பயப்படாதீங்க சாமி!"

அவருக்குப் பின்னால் கறுப்பு வேட்டி, மிதவைச் சட்டை, நரைத்த தாடி...

குருசாமி!

வெந்நீரிலேயே ஜம்புவின் ரத்தம் உறைந்தது. பற்களைக் கடகடவென்று அடித்துக்கொண்டார். "ஐஸ், சாமி! ஜல்தி தூக்குங்க!"

"ஐஸா? தலையிலேருந்து ஆவி பறக்குதே?"

"அது... விரதச் சூடு, சாமி!"

தூக்கிப் படகில் போட்டார்கள். ஈர உடம்பில் பனிக்காற்று பளீரென்று அறைந்தது.

"ஐயோ, திரும்ப உள்ளயே விடுங்க!" வாய் முந்திக்கொண்டது.

குருசாமி குனிந்து தண்ணீரில் கைவிட்டார். முகம் சிவந்தது.

"ஆளைக் காணோமேன்னு தேடி வந்தா, இதுவா உங்க விரதம்? கழட்டுங்க மாலையை! இருமுடியும் கிடையாது, மலையும் கிடையாது!"

"சாமி... ஒரே ஒரு தடவைதான் சாமி..." ஜம்பு அவர் காலில் விழுந்தார். மாலையைக் கழற்றப் போனார்.

அருள்ராஜுக்கு மனசு கேட்கவில்லை.

"கோபப்படாதீங்க குருசாமி, நீங்க தினமும் கவுக்குற படகைத் தெரியாம இவருக்குக் கொடுத்துட்டேன், நாளையிலேருந்து உங்களுக்குன்னே தனியா எடுத்து வெச்சிடறேன்!"