விட்டவர்களின் பிஷப்

காப்பிக் கோப்பையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, சுற்றியிருப்பவர்கள் பார்க்கிறார்களா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, கஷாயம் குடிக்கிற முகத்தோடு ஒரு வாய் விழுங்கிவிட்டு, "ஆகா" என்று சொல்லும் ஒரு மனிதரை நீங்கள் எங்காவது பார்த்தால் பயப்பட வேண்டாம். கடிக்க மாட்டார். அவர் ஒரு மாஜி மார்மன், அதாவது மார்மன் என்கிற கிறிஸ்தவச் சபையை விட்டு வந்தவர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், அதிலும் எங்கள் ஓரெம் நகரத்தில், இந்த இனம் ஏராளம். பிறந்தது முதல் காப்பி கூடாது, தேநீர் கூடாது, மது கூடவே கூடாது என்று வளர்க்கப்பட்டு, பாதி ஆயுள் போன பிறகு சபையைவிட்டு வெளியே வந்து, முதல் வேலையாகக் காப்பிக் கடை வாசலில் போய் நிற்பவர்கள் நாங்கள். காப்பி பிடிக்கிறதா என்று மட்டும் எங்களிடம் கேட்டுவிடாதீர்கள். குடிக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த இனத்தில் பல ரகம் உண்டு. கோபக்காரர் ஒரு ரகம். பெட்ரோல் போட வந்த இடத்தில்கூடச் சபையின் ஆதி வரலாற்றை உங்களுக்கு எடுத்துச் சொல்லி, உங்கள் டேங்க் நிரம்பி வழிந்த பிறகும் விடமாட்டார். மௌனி ஒரு ரகம். சபையை விட்ட செய்தி அவருடைய அம்மாவுக்கே தெரியாது. இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத ரகம் ஒன்றே ஒன்றுதான். அது அமைப்பாளர். சபை இல்லாமல் இருந்துவிடுவார், ஆனால் கமிட்டி இல்லாமல் ஒரு வாரம்கூட இருக்கமாட்டார். எங்கள் லாமார் ஜெப்சன் அந்த ரகத்தின் தலைசிறந்த மாதிரி.

லாமார் வார நாட்களில் பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி கட்டுகிற டாக்டர். மார்மன் சபையில் சம்பளத்துக்குப் பாதிரியார் கிடையாது. பல் டாக்டரையும் பிளம்பரையும் கூப்பிட்டு, சில வருஷங்களுக்கு நீதான் பிஷப் என்று சொல்லிவிடுவார்கள். லாமாருக்கும் சொன்னார்கள். அதன்பின் ஞாயிறெல்லாம், மாலையெல்லாம், தெருவில் உள்ள அத்தனை பேருடைய கல்யாணமும் கண்ணீரும் கணவன் மனைவிச் சண்டையும் அவர் தலையில். மேடையில் சபையைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி ஆர்டித் அம்மாள், மடியில் ஒன்று, தோளில் ஒன்று, பெஞ்சுக்கு அடியில் ஒன்று என்று பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார்.

பிள்ளைகள் வளர்ந்து போனார்கள். பதவிக்காலமும் முடிந்தது. லாமாருக்குச் சந்தேகம் வந்தது, தூக்கம் போனது, கடைசியில் ஒருநாள் மனைவியிடம் போய், தனக்கு இனிமேல் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார். ஆர்டித் அம்மாள் அப்போது ஆப்ரிகாட் ஜாம் பாட்டில்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். மிச்ச மூடிகளையும் போட்டு முடித்தார்.

"சரி. எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான். அப்ப ஞாயித்துக்கிழமை இனிமே என்ன பண்ணலாம்?" என்று கேட்டார்.

கேட்டது ஒரு மனைவி. ஆற்றங்கரையில் நடக்கப் போகலாமா, வீட்டிலேயே தோசைக்கல்லில் பான்கேக் போட்டுத் தின்றுகொண்டு கிடக்கலாமா என்கிற சாதாரணக் கேள்வி. லாமார் காதில் அது ஒரு சமூகத்தின் கேள்வியாக விழுந்தது. ஓரெமில் சபையை விட்ட இத்தனை ஆயிரம் பேரும் ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்வார்கள்? அடுத்த மாதமே சபை விட்டோர் துணைக்குழு ஆரம்பமாகிவிட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் குழு எங்களுக்குத் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு விளையாட வருவது நின்றிருந்தது. பெற்ற மகளின் கல்யாணம் சபையின் கோயிலுக்குள்ளே நடக்க, சபையை விட்டதால் உள்ளே போக அனுமதி இல்லாமல் வெளியே பூச்செடிகளுக்குப் பக்கத்தில் எல்லோருடைய கைப்பைகளையும் காவல் காத்துக்கொண்டு நின்றவர்கள் எங்களில் இருந்தார்கள். பிரிஜர் என்ற பையனுக்கு அவன் அம்மா போன் செய்வதையே நிறுத்திவிட்டார். அவன் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது, லாமார் பக்கத்து சீட்டில் ஏறி, ஒரு வார்த்தை பேசாமல் மதியம் முழுவதும் கூடவே இருந்தார். அந்த மனிதரின் மனசு தங்கம். அதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா?

ஒரு நடனப் பள்ளியின் கூடத்தை வாடகைக்கு எடுத்தோம். நாற்காலி போட ஆள் வேண்டும் என்றார். நாற்காலிக் கமிட்டி வந்தது. வந்தவர்களை வாசலில் கைகுலுக்கி வரவேற்க ஒரு கமிட்டி வந்தது, சாப்பாட்டுக்கு ஒரு கமிட்டி வந்தது, இத்தனை கமிட்டிகளையும் ஒன்றுசேர்க்க ஒரு கமிட்டி வந்தது, அதன் தலைவராக லாமாரை ஏற்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள் என்று லாமாரே கேட்க, நாங்கள் எல்லோரும், சபையில் சிறுவயதிலிருந்து வந்த பழக்கம் பாருங்கள், யோசிக்காமல் உயர்த்தினோம். சுவர் முழுக்கக் கண்ணாடி. அத்தனை கைகளும் இரண்டு மடங்காகத் தெரிந்தன. ஜெபம் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்ததால், ஆரம்பத்தில் ஒரு நிமிடம் மௌனம் என்று வைத்தோம். எல்லோரும் கைகளைக் கட்டி, தலையைக் குனிந்து, கண்ணை மூடி நின்றோம். முடிவில் யாரோ ஒருவர் 'ஆமென்' என்றார். சிரித்தோம். அடுத்த வாரமும் யாரோ சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு மனம் திறக்கும் ஞாயிறு. சபையில் அந்த நாளில் ஒவ்வொருவராக எழுந்து, இந்தச் சபை சத்தியமென்று எனக்குத் தெரியும் என்று தழுதழுத்த குரலில் சாட்சி சொல்வோம். இங்கே ஒவ்வொருவராக எழுந்து, இந்தச் சபை சத்தியமல்லவென்று எனக்குத் தெரியும் என்று சொன்னோம். அதே தழுதழுப்பு. அதே இடத்தில் குரல் உடைந்தது. பிறகு சாப்பாடு: கேரட் துருவிப் போட்ட அதே பச்சை ஜெல்லி, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் நொறுக்கிப் போட்ட அதே உருளைக்கிழங்கு. வித்தியாசம் என்று பார்த்தால் மூலையில் இருந்த பெரிய காப்பிப் பாத்திரம் ஒன்றுதான்.

ஒருநாள் பிரிஜர் தயங்கித் தயங்கி, காப்பி தனக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடிக்காமல் இருக்கலாமா என்று கேட்டுவிட்டான். எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டோம். லாமார் அவனைத் தனியாக அழைத்துப் போய், தோளில் கைபோட்டு, இங்கே எந்தக் கட்டாயமும் இல்லை, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேகம் உண்டு, மனசு தயாராகும்போது குடித்தால் போதும் என்று கனிவோடு சொன்னார்.

இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர்கள் வீட்டுக்கு இருவர் இருவராகப் போய்ப் பார்ப்பது என்பதும் அவர் யோசனைதான். கையில் ஒரு தட்டு சாக்லேட் பிஸ்கட். சபையும் எங்களை அப்படித்தான் தேடி வந்தது என்று ஒரு குரல் எழுந்தது. அது வேறு, இது வேறு என்று விளக்கப்பட்டது. அவர்கள் வந்தது எங்களைத் திரும்ப இழுக்க. நாங்கள் போவது வெறும் அன்பினால். பிஸ்கட் செய்முறையைக்கூட மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஆர்டித் அம்மாள் எங்கே? அங்கேதான், மூன்றாவது வரிசையில். மடியில் பிள்ளைக்குப் பதில் சூடான உருளைக்கிழங்குப் பாத்திரம். எதிரே, எல்லோரையும் பார்த்தபடி போட்ட நாற்காலியில் லாமார். கூட்டம் முடிந்தால் லாமாரிடம் தனியாகப் பேசக் காத்திருப்பவர்களின் வரிசை. அம்மாள் காரில் உட்கார்ந்து பாத்திரம் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வாரம் தலைவலி என்று வரவில்லை. அடுத்த வாரம் காலையிலேயே நடக்கிற பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ஆத்தோரமா நடக்கப் போறேன். நீயும் வர்றியா?"

"இன்னிக்கு மனம் திறக்கிற ஞாயிறு ஆச்சே, ஆர்டித்."

"அப்ப போய்த் திற."

அந்த வாரமே, தெற்கே செயின்ட் ஜார்ஜில் இருக்கும் தங்கையிடம் ஆர்டித் அம்மாள் பின்னறை காலியாக இருக்கிறதா என்று போனில் விசாரித்தது லாமார் காதில் விழுந்தது. கொஞ்ச நாளுக்கா என்று தங்கை கேட்டிருப்பார் போலிருக்கிறது. தெரியவில்லை என்று பதில் சொன்னார் அம்மாள். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கூட வாழ்ந்தவள் போய்விட்டால் என்ன செய்வது? சபை போனபோதுகூட லாமாருக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அடுத்த அறைக்குப் போய்ப் பேசியிருப்பான். லாமார் விஷயத்தைக் கமிட்டியில் வைத்தார். பெயர் சொல்லவில்லை, தெருவை மட்டும் சொல்லி, நம் சகோதரி ஒருவர் தடுமாறுகிறார், இரண்டு வாரமாகக் காணோம் என்றார். போய்ப் பார்ப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அந்தத் தெருவுக்குப் பொறுப்பு யார் என்று பார்த்தால், லாமாரும் வெர்ல் ஹேட்சும்.

வெர்ல் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், எதையும் நேரடியாகப் பேசுகிறவர். வாசலில் நின்றதும், சாவி உன் பையிலேயே இருக்கிறதே, திறந்துகொண்டு போனால் என்ன என்று கேட்டார். பார்க்கப் போகிற வீட்டில் மணி அடித்துத்தான் போக வேண்டும் என்று லாமார் சொல்லி, தன் வீட்டு மணியைத் தானே அடித்தார். கையிலிருந்த தட்டில், முந்தின நாள் ஆர்டித் அம்மாள் சுட்டு வைத்த பிஸ்கட்.

கதவு திறந்தது. அம்மாள் தட்டைப் பார்த்தார். வெர்லைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"சகோதரி ஜெப்சன்," என்று ஆரம்பித்துவிட்டார் லாமார். என்ன சொல்கிறோம் என்று அவருக்கே கேட்டது, ஆனால் நாக்கு நிற்கவில்லை. "கொஞ்ச நாளா உங்களக் கூட்டத்துல பாக்க முடியல. அதான் எப்படி இருக்கீங்கன்னு..."

ஆர்டித் அம்மாள் கையைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிக்கணும், எல்டர். வீட்டுல ஆம்பளை யாரும் இல்ல. உங்கள உள்ள விட முடியாதுங்க."

வெள்ளைச் சட்டையும் பெயர்ப் பட்டையுமாக மதம் பரப்ப வீடு வீடாகப் போகிற சபையின் ஊழியப் பையன்களை எல்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெண் தனியாக இருக்கிற வீட்டுக்குள் அவர்கள் கால் வைக்கக் கூடாது. வாசலோடு திரும்பிவிட வேண்டும். ஊழியத்துக்குப் புறப்பட்ட எத்தனையோ பையன்களுக்கு அந்தச் சட்டத்தை லாமார்தான் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நான் இருக்கேனே," என்றார் லாமார்.

"எங்க?" என்றார் அம்மாள். "முப்பது வருஷமா நானும் தேடிட்டுத்தான் இருக்கேன். எங்கயாவது அவரப் பாத்தீங்கன்னா, என் பக்கத்துல ஒரு இடம் சும்மாவே கெடக்குன்னு சொல்லுங்க."

தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். வெர்ல் தன் பூட்ஸைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு லாமாரின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். லாமார் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்த கைக்குட்டை பையிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. வெகுநேரம் கழித்துப் பின்பக்கமாகப் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தார். ஆர்டித் அம்மாள் மேஜையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"உன் தங்கச்சி வீட்டுக்குப் போகாத," என்றார் லாமார்.

"அடுத்த ஞாயிறு பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் அம்மாள்.

அடுத்த ஞாயிறு லாமார் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று அல்லவா? சட்டம் சட்டம்தான், அதுவும் அவரே போட்டது. நாங்கள் தட்டோடு கிளம்பினோம்.

கார் வந்து நிற்கும் சத்தத்தை லாமார்தான் முதலில் கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெர்ல், பிரிஜர், பின்னால் வரவேற்புக் கமிட்டி. ஆர்டித் அம்மாள் ரேடியோவை அணைத்தார், புருஷனின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். இரண்டு பேரும் சமையலறைத் தரையில், ஜன்னலுக்கு அடியில், அலமாரியில் முதுகைச் சாய்த்து, வலிக்கிற முழங்கால்களை மடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தார்கள். மணி அடித்தது. லாமாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாள் அவர் வாயைப் பொத்தினார். பொத்திய அம்மாளுக்கே தோள் குலுங்கியது.

"லாமார், உள்ளதான இருக்கே? கார் நிக்குதே," என்று வெர்ல் வெளியிலிருந்து கத்தினார்.

"அப்படிக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேனே," என்று முணுமுணுத்தபடி லாமார் எழப் பார்த்தார்.

"உக்காரு," என்றார் ஆர்டித் அம்மாள்.

உட்கார்ந்தார். தோளோடு தோள் இடிக்க, நாங்கள் மணியடித்துச் சலித்துப் போகிறவரை அம்மாளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கென்ன, நீங்கள் எந்தச் சபையையும் விட்டவர் அல்லவே. கட்சியை விட்டிருக்கலாம், சிகரெட்டை விட்டிருக்கலாம், வெள்ளைச் சர்க்கரையை விட்டிருக்கலாம். விட்ட மறுநாளே, விட்டவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தீர்களா? அட்மின் நீங்கள்தானே? யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறினால், தனியாக ஒரு செய்தி அனுப்பி, என்ன ஆயிற்று என்று அன்பாக விசாரிப்பீர்களா? அப்படியானால் போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் முகவரியை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். வெர்ல் சும்மாதான் இருக்கிறார், தட்டில் பிஸ்கட்டும் அப்படியே இருக்கிறது.