எட்டுப் பேரோடு ஒரு தனி சஃபாரி

“தனி சஃபாரின்னா மொத்தம் எத்தனை பேர்?” என்று லிஃப்ட்காரர் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

பயண அலுவலகத்துப் பெண் விரல்விட்டு எண்ணினாள். “நீங்களும் அம்மாவும் ரெண்டு பேர். டிரைவர், வழிகாட்டி, காலடித்தடம் பார்க்கிறவர். லாட்ஜ்ல உங்களுக்குன்னே ஒரு சமையல்காரர், அவருக்கு ஒரு உதவியாள், அறையைப் பார்த்துக்க ஒருத்தர். எட்டுப் பேர் சார்.”

“இதுல தனி எங்க இருக்கு?”

“வேற குடும்பம் யாரும் வரமாட்டாங்க சார். அதான் தனி.”

லிஃப்ட்காரர் மேசைமேல் விரித்திருந்த படங்களைப் பார்த்தார். மரத்தூண்கள்மேல் நிற்கும் குடில்கள், கொசுவலை போட்ட அகலக் கட்டில், குளியல் தொட்டியில் படுத்தபடியே பார்க்க ஓர் ஏரி. ஒவ்வொரு படத்திலும் யாராவது ஓர் ஓரமாகத் தட்டு ஏந்திச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சிரிப்புகளைத்தான் அவர் கட்டைவிரலால் மறைத்து மறைத்துப் பார்த்தார்.

“யாருமே வேண்டாம்மா. நானும் அவளும். அப்புறம் மிருகங்க. அவ்வளவுதான்.”

இதைக் கேட்டு அந்தப் பெண் என்னென்னவோ நினைத்திருக்கலாம். விஷயம் வேறு. லிஃப்ட்காரரின் மனைவி எட்டு மாதமாக அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவே இல்லை என்று சொன்னால் அபாண்டம். நிறையவே பேசினாள், எல்லாம் மூன்றாம் ஆள் வழியாக. வெளியூரில் இருக்கும் மகள் போனில் வந்தால், “உங்கப்பாகிட்ட சொல்லு, மாத்திரை மேசையில இருக்கு.” எதிர்வீட்டு டீச்சர் வந்தால், “டீச்சர், அவர் குடையை மறந்துட்டுப் போறார் பாருங்க.” ஆளே அகப்படாத நாளில் ஃப்ரிட்ஜிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். கல்லூரி நூலகர் அவள். அவரும் சளைத்தவர் இல்லை. ஃப்ரிட்ஜ் வழியாகவே பதில் அனுப்பப் பழகிக்கொண்டார்.

எல்லாம் அவருடைய தொழிலால் வந்த வினை. நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவர் அறையில் மணியடிக்கும். மெக்கானிக்குகள் போய்த் திறக்கிறவரை மைக்கில் பேசித் தைரியம் சொல்ல வேண்டியது அவர். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. “பயப்படாதீங்க. நான் இருக்கேன். கைப்பையில தண்ணி இருந்தா ஒரு வாய் குடிங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று அவர் கேட்கிற கேட்பில், அழுதுகொண்டிருப்பவர்கள் கூட அடங்கிப்போவார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், பல் டாக்டர் இருக்கும் கட்டடத்தில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது அவர் மனைவி. அப்போதுதான் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு. மணியடித்து, அந்தப் பக்கம் கணவனின் குரலைக் கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

“என்னங்க,” என்றாள்.

“சொல்லுங்க மேடம்.”

“என்னங்க!”

“கேக்குது மேடம், சொல்லுங்க.”

அரை மணி நேரம் இப்படியே போனது. லிஃப்டில் மாட்டியவர்கள் எல்லோரும் ‘என்னங்க இது’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் என்னத்தைக் கண்டார்? அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, “இன்னிக்கு ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. பாவம், ‘என்னங்க’வைத் தவிர வேற வார்த்தையே தெரியல,” என்று சொல்லிச் சிரித்தார். வீங்கிய கன்னத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

பிறகு மகளிடம் சொன்னாளாம். “முப்பது வருஷமா ஒரே ஒருத்தரைத்தான் ‘என்னங்க’ன்னு கூப்பிட்டிருக்கேன். அது கூட அவருக்குத் தெரியல. காலையில என்ன சாப்பிட்டேன்னு என்னை ஒரு நாள் கேட்டிருக்காரா? யாரோ ஒரு மேடத்தைக் கேக்கிறார்.”

இப்போது அவள் அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போகிறாள். “திரும்பி வர டிக்கெட் போட வேண்டாம்னுட்டாங்கப்பா,” என்று மகள் இழுத்தபோதுதான் லிஃப்ட்காரருக்கு விஷயம் உறைத்தது. டி.வி.யில் யானை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்க்கிறவள் அவள். மூன்றாம் ஆளே இல்லாத காட்டுக்குக் கூட்டிப்போனால் வேறு வழியில்லாமல் தன்னிடம் பேசித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“வழிகாட்டியையும் காலடித்தடம் பார்க்கிறவரையும் எடுத்துடுங்க,” என்றார்.

“எடுத்துட்டா டிரைவரே வழிகாட்டியாவும் இருப்பார் சார். அவருக்கு வாய் ஓயாது.”

“லாட்ஜ்ல வசதியைக் குறைங்க. ஆளும் குறையும்ல?”

“குறைச்சா கூடாரம்தான். பக்கத்துக் கூடாரம் நாலடியில இருக்கும். அவங்களுக்கு விக்கல் எடுத்தா நீங்க தண்ணி குடுக்கலாம்.”

“அப்ப வசதியைக் கூட்டுங்க.”

“கூட்டினா கால் பிடிச்சுவிட இன்னொருத்தர் வருவார் சார்.”

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, ஏரிக்கு அந்தக் கரையில் ஒற்றையாக நிற்கும் குடிலைப் பிடித்தார்கள். சாப்பாட்டைக் கூடையில் வைத்து, வாசலில் மணியடித்துவிட்டு ஆள் போய்விட வேண்டும். முகம் தெரியக் கூடாது. லிஃப்ட்காரர் நிம்மதியாகப் படிவத்தை நிரப்பினார். இரண்டாவது தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் இருந்தது. பொறுப்பாக வீட்டு எண்ணையே எழுதினார்.

மறுநாள் அந்தப் பெண், கூடையில் என்னென்ன வைக்கலாம் என்று கேட்க வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது மனைவி.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே மேசைமேல் இருந்த போனில் மகள் கூவினாள். “அப்பா! சஃபாரியாமே! நாங்களும் வர்றோம்!”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “உங்கப்பாகிட்ட சொல்லு. அந்த ஆபீஸ்ல இருந்து பேசினாங்க. என்ன வேணுமோ எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன்னு சொல்லு.”

லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் வந்தால் மருமகன் வருவார். தலைக்கு ஒரு தூது ஆகிவிடும். வாய்க்கு வந்ததைச் சொன்னார். “இல்லம்மா, அங்க ஒரு ரூல் இருக்கு. அம்பது வயசுக்கு மேல இருக்கிறவங்களை மட்டும்தான் விடுவாங்க.”

“அப்படியா?” என்று ஒரு குரல் வாசலில் கேட்டது. எதிர்வீட்டு டீச்சர். “எனக்கு அறுபத்தொண்ணு!”

காலையில் டீச்சர் அகலத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். “காட்டு லாட்ஜுக்குப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி இருக்கா?” என்றார்.

“டீச்சர் வந்தா பேச்சுத்துணையா இருக்கும்,” என்றாள் மனைவி, கூரையைப் பார்த்து.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். “வரலாம் டீச்சர். ஆனா வண்டியில பேசக் கூடாது. காலையில ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் மூச்.”

டீச்சர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். “நான் முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களைத்தான் பேசாம இருக்கச் சொன்னேன். நான் இருந்ததில்ல. நீங்க போயிட்டு வாங்க.”

“எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல டீச்சர்,” என்றாள் மனைவி. “எட்டு மாசமா பழகிட்டுதானே இருக்கோம்.”

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மதியமே அடுத்தது வந்தது. மகள் பயண அலுவலகத்தில் விசாரித்துவிட்டாள். வயது விதி என்று ஒன்றும் கிடையாது.

“நான் வர வேண்டாம்னா நேரா சொல்லியிருக்கலாமேப்பா,” என்றாள். அழுகிறாள் என்பது தெரிந்தது. “நம்ம வீட்டுல யாருக்கும் நேரா பேசவே வராதா?”

போன் வைக்கப்பட்டது. பேசாதவர்களின் எண்ணிக்கை இரண்டானது.

மிச்சமிருந்தது டிரைவர். மறுபடி பயண அலுவலகத்துக்குப் போனார்.

“டிரைவர் இல்லாம நானே ஓட்டிக்கறேனே.”

“காட்டு இலாகா விடமாட்டாங்க சார்.”

“சரி, காது கேக்காத டிரைவர்?”

“யானை வந்தா கேக்கணுமே சார்.”

லிஃப்ட்காரர் யோசித்தார். “எங்க பாஷை தெரியாத டிரைவர் யாராவது?”

அந்தப் பெண் கோப்பைப் புரட்டினாள். ஒரு தாளில் கண் நின்றது. உடனே எதையோ தேடுவதுபோல மேசை இழுப்பறைக்குள் முகத்தைக் கொண்டுபோனாள். வெளியே வந்தபோது முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. “அப்படி ஒருத்தரை ஏற்கெனவே போட்டாச்சு சார். சீட்டும் போட்டாச்சு. நீங்க முன்வரிசை, அம்மா பின்வரிசை.”

“பக்கத்துல பக்கத்துல இல்லையா? ஏன்?”

“அது... வண்டியோட எடை சார்.”

ஆயுள் முழுக்க எடையோடும் கம்பியோடும் மாரடித்தவருக்கு அது பிதற்றல் என்று தெரிந்தது. ஆனாலும் கேட்பதற்கு முன்னால் டிரைவரைத் தயாராக வைத்திருந்தாளே, இந்தப் பெண் பெரிய ஆளாக வருவாள் என்று நினைத்தபடி எழுந்தார்.

குடில் படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. கட்டில், வலை, ஏரி, எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை. சாயங்காலம் மணியடித்தது, கூடை வந்தது. மனைவி கூடையைத் திறந்து பார்த்தாள். இனி யாரிடம் சொல்வாள்? லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆறிப்போகும் முன்ன சாப்பிடச் சொல்லு,” என்றாள் அவள், கூடையிடம்.

கூடையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை மேல்தளம் திறந்த வண்டி வந்தது. டிரைவர் மீசையை முறுக்கிவிட்டிருந்த ஆள். எது சொன்னாலும் சிரித்தார், பதில் பேசவில்லை. மனைவி கைப்பையோடு பின்வரிசையில் ஏறிக்கொண்டாள். ஒரு மணி நேரம் சுற்றியதில் இரண்டு மயில்களும் ஒரு மானின் பின்பக்கமும் கிடைத்தன. ஒரு திருப்பத்தில் யானை. வயதான யானை. சற்றுத் தள்ளி மூங்கிலை ஒடித்துக்கொண்டு, இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நின்றது.

வண்டி நின்றது. டிரைவர் சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. மறுபடி திருகினார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். இறங்கிப் பார்க்கலாம் என்று லிஃப்ட்காரர் எழுந்தார். டிரைவர் யானையைக் காட்டி, உட்காரும்படி சைகை செய்தார்.

நகராத வண்டி. இறங்க முடியாது. முதுகுக்குப் பின்னால், முகம் தெரியாமல், ஒருத்தி வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூச்சு அவருக்குப் பழக்கமானது. ஆயிரம் பேர் அப்படி மூச்சு விட்டுக் கேட்டிருக்கிறார். அவர் அறியாமலே வேலைக் குரல் வெளியே வந்தது.

“பயப்படாத. நான் இருக்கேன்.”

பின்னால் இருக்கை கிறீச்சிட்டது.

“கைப்பையில தண்ணி இருந்தா ஒரு வாய் குடி.”

ஜிப் திறக்கும் ஓசை. பாட்டில் மூடி திருகும் ஓசை.

“காலையில என்ன சாப்பிட்ட?”

யானை ஒரு கிளையைத் தின்று முடித்துவிட்டு அடுத்ததை ஒடித்தது.

“ஒண்ணும் சாப்பிடல,” என்றது பின்னாலிருந்து குரல். “கூடையில இருந்ததை நீங்களே முழுசா சாப்பிட்டுட்டீங்க.”

எட்டு மாதத்தில் நேராக வந்த முதல் வாக்கியம். குற்றச்சாட்டாக இருந்தாலும் அவருக்குக் கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தால் எங்கே நின்றுவிடுமோ என்று யானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க.”

பழக்கத்தில் நாக்கு ‘சொல்லுங்க மே’ வரைக்கும் போய்விட்டது. கடித்து நிறுத்தினார். “சொல்லும்மா.”

“யார் பேசறதுன்னு தெரியுதா?”

“தெரியுது,” என்றார். “அன்னிக்கும் தெரிஞ்சிருக்கணும். பஞ்சு மேல பழியைப் போட்டுட்டு இருந்துட்டேன். நான் உன் குரலைக் கேக்கவே இல்லம்மா. வேலையைத்தான் பார்த்தேன். வீட்டுலயும் அப்படித்தான் இருந்திருக்கேன். தப்புதான்.”

அப்புறம் அவர்கள் என்னென்னவோ பேசினார்கள். பிடுங்கின பல்லைப் பற்றி, கோபித்துக்கொண்ட மகளைப் பற்றி, எட்டு மாதமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜைப் பற்றி. அவள் ஒரு தடவை சிரித்தாள் கூட. யானை எப்போது போனதென்று இருவருமே கவனிக்கவில்லை.

“பொண்ணு வீட்டுக்குப் போகாதம்மா,” என்றார் கடைசியில்.

“போயிட்டு வரேன். திரும்பி வர்ற டிக்கெட்டை நீங்க போடுங்க.”

அவர் கையைப் பின்னால் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான், பாஷை தெரியாத அந்த டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பின்வரிசையைப் பார்த்துத் திரும்பி, தெளிவாகக் கேட்டார்.

“அம்மா, நீங்க சொன்ன அரை மணி நேரம் ஆயிடுச்சு. இப்ப வண்டியை எடுக்கட்டுமா?”