ஒத்தடத்துக்கு வந்த ஆபத்து

குடிநீர்ப் புகார் அலுவலகக் குமாஸ்தாவுக்குத் தாடை வலி போய் மூன்று வாரமாகிவிட்டது. இந்த நல்ல செய்தியை மனைவியிடம் மட்டும் சொல்வதில்லை என்று மனுஷன் மனசுக்குள் சத்தியமே செய்திருந்தார்.

காரணம் இருந்தது. பதினைந்து வருஷம் தோளுக்கும் தாடைக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு புகார் எழுதியவர். முகம், தாடை, கழுத்து மூன்றும் கூட்டணி போட்டு வலித்தன. டாக்டர் தலையில் மாட்டிக்கொள்ளும் போனை வாங்கச் சொன்னார். தினமும் அரை மணி வெந்நீர் ஒத்தடம் என்றார். போன் வலியைத் துரத்தியது. ஒத்தடமோ, தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காத மனைவியைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த வீட்டில் மெஷின் மட்டும்தான் பேசும். அந்த அரை மணியை இழக்க, பாவம், அவருக்கு மனசு வரவில்லை.

அன்று மதியம் ஒரு போன். அடைத்த குரலில் ஓர் அம்மாள்.

"சார், குழாய்ல தண்ணி வரல."

"எழுதிக்கிட்டேன்மா. நாளைக்கு ஆள் வரும்."

"நாள் பூரா பேசறீங்களே, வாய் வலிக்காதா?"

அடடா! இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. மனுஷன் உருகிப்போனார்.

"வலிச்சுதும்மா. இப்ப சுத்தமா போயிடுச்சு. வீட்ல மட்டும் சொல்லல."

"ஏன் சார்?"

"சொன்னா அவ பக்கத்துல வந்து உட்கார மாட்டாம்மா."

அந்த அம்மாள் டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மனைவி வெந்நீர்ப் பையோடு வந்தாள்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?"

"அப்பப்பா, உயிர் போகுது!"

"மத்தியானம் சுத்தமா போயிடுச்சுன்னீங்களே?"

"அது... நீயா?"

"நேத்து வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டீங்க. அப்பவே சந்தேகம். ஏங்க, வாயில நாலு குண்டூசியக் கடிச்சுக்கிட்டுப் பேசினா கட்டின பொண்டாட்டி குரல் தெரியாதா?"

தெரியவில்லையே! அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த வீட்டில் அவள் குரலை எங்கே கேட்டார்?

ஆனால் அவள் எழுந்து போகவில்லை. பையை அவர் கையில் திணித்தாள்.

"இருபது வருஷமா குனிஞ்சு தைக்கிற கழுத்து இது. ஒருநாள் கேட்டிருப்பீங்களா? அரை மணி ஒத்தடம் குடுங்க."

முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குமாஸ்தாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேலதிகாரியின் அட்டகாசம், மகள் போன் பண்ணாத வருத்தம், சாப்பாட்டு வேளையில் தனியாக உட்கார்ந்திருப்பது என்று சேர்த்துவைத்த அத்தனையையும் கொட்டித் தீர்த்தார். கடைசியில், "எனக்கு உன்னை விட்டா யார் இருக்கா, சொல்லு?" என்றார்.

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது.