பேக்கரிக்காரர் என் சாதனையை எடுத்துக்கொண்டது சம்பந்தமாக

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காளும் நலம். என் இடது முழங்காலை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அங்கே நீயும் உன் வீட்டாரும் குளிரும் இருமலும் அண்டாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்த அரை நிமிடத்தில் உன் அக்காள் அதைப் பிடுங்கிக்கொண்டு உன் குழந்தைகளின் உயரத்தை விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

என் சாதனை போய்விட்டது. பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று, இருபத்தொன்பது நிமிடம் பதினான்கு புள்ளி ஆறு விநாடி. முப்பத்து மூன்று வருஷம் இந்த நாட்டில் ஒருத்தராலும் அசைக்க முடியாமல் இருந்தது. குடிநீர் வாரியத்தில் என் சொந்தப் பெயரே மறந்துபோய் எல்லாரும் என்னைப் 'பதினாலு' என்றுதான் கூப்பிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். எங்காவது குழாய் உடைந்து தெரு வெள்ளமாகி, வால்வை மூட நான் சைக்கிளில் போய் இறங்கினால், "பதினாலு வந்தாச்சு, இனி கவலையில்லை" என்பார்கள். வால்வை மூடுவதற்கும் பத்தாயிரம் மீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மரியாதை வரும்போது காரணம் கேட்கக் கூடாது.

ஒவ்வொரு வருஷமும் தேசியப் போட்டிக்கு என்னை அழைத்து, முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். ஓடி முடித்தவர்கள் என் முன்னால் குனிந்து மூச்சு வாங்குவார்கள். நான் ஆறுதலாகத் தலையாட்டுவேன். இந்த வருஷமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இருபதாவது சுற்றில் கடிகாரத்தைப் பார்த்தேன், மனசுக்குள் பெருக்கிக் கூட்டினேன், பிறகு வானத்தைப் பார்த்தேன், மழை கிழை வருமா என்று. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. இருபத்தொன்பது நிமிடம் இரண்டு புள்ளி ஒன்று. என்னைவிடப் பன்னிரண்டரை விநாடி குறைவு. எழுந்து நின்று கைதட்டினேன். கைகள் தட்டின, மற்ற உறுப்புகள் ஒத்துழைக்கவில்லை.

ஓடியவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பேக்கரியில் மாவு பிசைகிறவர். வயது முப்பத்தொன்று. ஒன்பது வருஷத்துக்கு முன் வேலை தேடி இந்த நாட்டுக்கு வந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்தான் குடியுரிமை கிடைத்தது. பத்திரிகையில் அவர் படம் பெரிதாகவும் என் படம் தபால்தலை அளவிலும் வந்திருந்தன. அதிலும் என் படத்தில் நான் கொட்டாவி விடுகிறேன்.

மறுநாள் காலை விசில்காரர் வீட்டுக்கு வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், துப்பாக்கி வெடிக்க மறுத்த நாட்களில் விசில் ஊதியே நம் ஓட்டத்தைத் தொடங்கிவைப்பாரே, அவர்தான். இப்போது தடகளச் சங்கத்தின் செயலாளர். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்கார்ந்து, ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார். "இது யாருக்கும் எதிரா இல்லை. இங்க பொறந்தவங்களுக்கு ஒரு பட்டியல், அப்புறம் வந்து சேர்ந்தவங்களுக்கு ஒரு பட்டியல். ரெண்டு பட்டியல்லயும் சாதனை இருக்கும். உங்க பேர் இருந்த இடத்துலயே இருக்கும்." மச்சினா, உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் அவரைவிட நியாயமான மனிதர் பூமியில் இல்லை என்று தோன்றியது. சனிக்கிழமை கமிட்டி கூடும்போது நான் பேச வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

பதினோரு பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதினேன். அதில் 'மண்' என்ற சொல் முப்பத்தொரு இடத்தில் வந்தது. முப்பத்தாறு வருஷம் இந்த ஊர் மண்ணைத் தோண்டிக் குழாய் புதைத்தவன், எனக்கு அதில் உரிமை இல்லையா. ஆனால் பேச்சு மட்டும் போதாது, அந்த ஆள் நிஜமாகவே இங்கே வாழ வந்தவரா, இல்லை ஓடிவிட்டுப் போக வந்தவரா என்று விசாரித்து வாருங்கள் என்று விசில்காரர் சொல்லியிருந்தார். எனவே தினமும் காலையில் பேக்கரிக்குப் போய் நோட்டம் விட ஆரம்பித்தேன். நோட்டம் விடுகிறவன் வெறுங்கையோடு நின்றால் சந்தேகம் வரும். அதனால் தினமும் ஒரு ரொட்டி வாங்கினேன்.

ஐந்து நாளில் நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். விடிந்தும் விடியாமலும் ஓடிவிட்டு, ஈரத் தலையோடு ஆறு மணிக்கு வேலைக்கு வருகிறார். வரிசையில் வயதானவர்கள் நின்றால் அவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்லி உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார். நம் மொழியை நம்மைப் போலவே அலட்சியமாகப் பேசுகிறார். மாவு மெஷின் மக்கர் பண்ணும்போது மட்டும் அதைத் தன் தாய்மொழியில் திட்டுகிறார். போன வருஷம் வார்டு கூட்டத்தில் எழுந்து தெருவிளக்குகளுக்காகச் சண்டை போட்டிருக்கிறார். அதில் நம் வீட்டு வாசல் விளக்கும் ஒன்று. கடைசி விவரத்தை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.

இதற்குள் வீட்டில் ஐந்து ரொட்டி சேர்ந்துவிட்டது. சுட்டுத் தின்றோம், பாலில் நனைத்துத் தின்றோம், மீதியைக் குருவிகளுக்குப் போட்டோம், குருவிகளும் இப்போது வருவதில்லை. உன் அக்காள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள். பேச்சை எடுத்து வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கம் வரை கேட்டாள். பிறகு கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "என் தம்பி அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு. போன வருஷம் அம்பத்தஞ்சு வயசுக்கு மேற்பட்டவங்க ஓட்டத்துல அந்த நாட்டு சாதனையை முறியடிச்சான். நீங்க தெரு முழுக்கச் சொன்னீங்க, பால்காரரை நிறுத்தி வச்சுச் சொன்னீங்க. அங்க பொறந்த ஒரு மனுசன் உங்களை மாதிரி பதினோரு பக்கம் எழுதியிருப்பானோ என்னவோ." அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே நடக்கப் போய்விட்டேன். வெகுதூரம் நடந்தேன். பதில் கிடைக்கவில்லை, முழங்கால் வலிதான் மிச்சம்.

ஆறாவது நாள் வரிசையில் என் முறை வந்தபோது பேக்கரிக்காரரே வெளியே வந்தார். முழங்கை வரை மாவு. "சார், நீங்க இருபத்தொம்பது பதினாலுதானே? அஞ்சு நாளா வர்றீங்க, கூப்பிட வெக்கமா இருந்துச்சு. உள்ள வாங்க," என்றார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டே போனேன். அடுப்புக்கும் மாவு மெஷினுக்கும் நடுவில் இருந்த சுவரில் பென்சிலால் வரிசையாக எண்கள் எழுதியிருந்தன. எழுபது, எழுபது, அறுபத்தொன்பது, எழுபத்தொன்று. மொத்தம் இருபத்தைந்து. என் ஓட்டம், மச்சினா. அன்றைக்கு நேரம் குறித்தவர்கள் எழுதிய பழைய தாளைச் சங்கத்து அலமாரியில் தேடிப் பிடித்துச் சுற்று சுற்றாகப் பிரதி எடுத்திருக்கிறார். இரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் மாவு பிசைந்தாராம். பதினாறாவது எண்ணின் மேல் விரலை வைத்துக் கேட்டார். "எல்லாம் புரியுது சார், இது மட்டும் புரியலை. எழுபதுலயே போயிட்டு இருந்தவர் திடீர்னு எழுபத்தஞ்சு. என்ன ஆச்சு?"

முப்பத்து மூன்று வருஷத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. எல்லாரும் கடைசிச் சுற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் அதையே சொல்லிச் சொல்லி, இப்போது நடந்தது எது, நான் சேர்த்தது எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. பதினாறாவது சுற்றைப் பற்றி உன்னிடம்கூட நான் பேசியதில்லை.

ஒரு மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். நீரேற்று நிலையத்துச் சாலையில் காலை வேளைகளில் நாம் ஓடுவோமே, நீ வாய் ஓயாமல் பேசுவாய், எனக்கு உம் கொட்டக்கூட மூச்சிருக்காது, அதைச் சொன்னேன். போட்டி நாளில் முதல் பதினைந்து சுற்றும் நீ எனக்கு முன்னால் ஓடி எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வது, பிறகு விலகிக்கொள்வது என்று பேசி வைத்திருந்ததைச் சொன்னேன். உன் பனியனின் தோளில் ஒரு கிழிசல். வெள்ளை நூல் அகப்படாமல் உன் அக்காள் அதைப் பச்சை நூலால் தைத்திருந்தாள். பதினைந்து சுற்று நான் பார்த்தது அந்தப் பச்சை நூலை மட்டும்தான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. சொன்னது போலவே நீ ஒதுங்கினாய். எனக்கு முன்னால் வெறும் பாதை. அடுத்த எழுபத்தைந்து விநாடி எப்படி ஓடினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு புறப்பட்ட அன்று வீடு திரும்பும் வழியிலும் எனக்கு அப்படித்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

அவர் அந்த எழுபத்தைந்தின் மேலிருந்து விரலை எடுத்தார். "இங்க வந்த முதல் வருஷம் எனக்கு அப்படித்தான் சார் இருந்துச்சு," என்றார். பிறகு மெஷின் நின்றுபோய், அதைத் திட்டப் போய்விட்டார். அன்றைக்கு நான் ரொட்டி வாங்கவில்லை.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. நீச்சல்குளத்துக்கு மேல்மாடியில் ஒரு அறை, ஐந்து பேர், குளோரின் வாடை. தலைவர் ஒரு பல் டாக்டர். விசில்காரர் மனுவை வாசித்தார். உடனே ஒருவர், ஒரு வயதுக் குழந்தையாக இங்கே வந்தவர் எந்தப் பட்டியல் என்று கேட்டார். விசில்காரர் திணறி, பல் முளைப்பதற்கு முன் வந்தவர்களைப் பிறந்தவர்களாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். பல் டாக்டர் இதில் ஆர்வமாகி, பாற்பல்லா நிலைப்பல்லா என்று கேட்டார். அரைமணி நேரம் பற்களிலேயே போய்விட்டது. மூன்றாவதாக ஒரு பட்டியல் வேண்டும் என்கிற கட்டத்தில் யாரோ என்னை நினைத்துக்கொண்டு, பேசச் சொன்னார்கள்.

பதினோரு பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முதல் பக்கத்தில் மண் மண்ணாக இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். "அன்னிக்கு என்கூட ஓடினவங்க எங்க பொறந்தாங்கன்னு நான் கேக்கலை. ஓட்டத்துக்கு நாலு நாள் முன்னாடி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காகிதம் குடுத்து ஓட விட்டா, அதை நிறுத்திக் கேக்கலாம், கேக்கணும். இவர் ரொட்டி போட வந்தவர். ஒம்பது வருஷமா நமக்கு ரொட்டி போட்டுட்டு, மிச்ச நேரத்துல ஓடினார். என்னைவிடச் சீக்கிரம் வந்துட்டார். தனியா ஒரு பட்டியல் போட்டு என் பேரை மேல வச்சா, அதைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு இந்தப் பல்லு விவகாரம்தான் ஞாபகம் வரும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நான்குக்கு ஒன்று என்று மனு தோற்றது. அந்த ஒன்று விசில்காரர். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காகத்தான் செஞ்சேன்," என்றார். அது பொய்யில்லை. அன்றைய ஓட்டத்துக்கு விசில் ஊதிய வாய் அது. என் சாதனையோடு அவருடைய ஒரு பங்கும் போய்விட்டது என்பது எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் உறைத்தது. இருவரும் டீ குடித்தோம்.

இப்போது மனசு லேசாக இருக்கிறது. யார் எங்கே பிறந்தால் என்ன, ஓடுகிற கால் ஓடட்டும், வருகிறவர்கள் வரட்டும் என்கிற பெருந்தன்மை என்னிடம் குடிவந்துவிட்டதாக நான் சொன்னேன், உன் அக்காள் மறுக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு நீ கட்டாயம் வர வேண்டும். அந்தச் சுவரை உனக்குக் காட்ட வேண்டும். உன் மனைவிக்கு எங்கள் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. அவர்கள் உயரத்தைத் தனியாக எழுதி அனுப்பு. எல்லாரும் நோயில்லாமல், மூச்சு வாங்காமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்
(முன்னாள் பதினாலு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பத்தாயிரம் மீட்டரில் நம் நாட்டில் இதுவரை யாரும் பெயர் பதிவு செய்ததே இல்லையாம். ஓடி முடித்தாலே தேசிய சாதனை. முழங்காலையும் மீறி நேற்றே பெயர் கொடுத்துவிட்டேன். நேற்று சாயங்காலம் பேக்கரிக்காரர் வந்து, தன் மாமனாரின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஊர்க்காரர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று கேட்டார். முழு மனதோடு போட்டுக் கொடுத்தேன், நல்ல மனிதர், சீக்கிரம் முடித்துக்கொடுங்கள் என்று ஒரு வரியும் சேர்த்தேன். இன்று காலை மைதானத்துக்குப் போனால் அந்த மாமனார் ஓடிக்கொண்டிருக்கிறார். வயது அறுபத்திரண்டாம். நான் ஒரு சுற்று முடிப்பதற்குள் என்னை இரண்டு முறை தாண்டிப் போனார், இரண்டு முறையும் வணக்கம் சொன்னார். காகிதம் அடுத்த மாதம் வந்துவிடுமாம், போட்டி அதற்கு அடுத்த மாதம். மேலே நான் எழுதியதையெல்லாம் இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே. பல் முளைத்த கணக்கில் ஏதோ நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நீ இந்த மாதிரி காகிதங்களில் அனுபவப்பட்டவன். ஒருமுறை போட்ட சாட்சிக் கையெழுத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று விசாரித்து, உன் அக்காளுக்குத் தெரியாமல் எழுது.